சீட்டைக் கலைக்காமல் கலைத்த மனிதர்

ஒருவர் உங்கள் கண் முன்னால் ஒரு சீட்டுக்கட்டைக் கலைக்கிறார். ஒரு தடவை அல்ல. ஐந்து தடவை, ஆறு தடவை கலைக்கிறார். சீட்டுகள் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று புகுவதைப் பார்க்கிறீர்கள். அந்தச் சத்தத்தையும் கேட்கிறீர்கள். கட்டு நன்றாகக் கலைந்துவிட்டது என்று சத்தியம் செய்யக்கூட நீங்கள் தயார்.

ஆனால் அந்தக் கட்டில் ஒரு சீட்டுகூட இடம் மாறவில்லை! மேலே இருந்த சீட்டு மேலேயே இருக்கிறது. கீழே இருந்த சீட்டு கீழேயே இருக்கிறது.

இதற்குப் பொய்க் கலைப்பு என்று பெயர். சீட்டு வித்தைகளில் மிகவும் சிரமமானவற்றில் இதுவும் ஒன்று. மற்ற வித்தைகளில் கடைசியில் ஏதாவது ஒன்று நடக்கும். தொப்பியிலிருந்து முயல் வரும். கைக்குட்டையிலிருந்து புறா பறக்கும். ஜனங்கள் கை தட்டுவார்கள். பொய்க் கலைப்பில் அப்படி எதுவும் இல்லை. அதைச் சரியாகச் செய்தால், செய்ததே யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத காரியத்துக்கு யார் கை தட்டுவார்கள்?

கைதட்டல் இல்லாத இந்த வேலைக்காக ஒரு மனிதர் தம் ஆயுள் முழுவதையும் கொடுத்தார். 98 வயதுவரை வாழ்ந்த அவர், ஏழு வயதில் பிடித்த சீட்டைக் கீழே வைக்கவே இல்லை. அவர்தான் டை வெர்னன். உலகத்திலுள்ள சீட்டு வித்தைக்காரர்கள் எல்லோரும் அவரைப் பேராசிரியர் என்று அழைத்தார்கள்.

தகப்பனார் காட்டிய வழி

1894-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, கனடா நாட்டின் தலைநகரான ஒட்டாவாவில் வெர்னன் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் டேவிட் பிரடெரிக் விங்பீல்டு வெர்னர். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். ஓய்வு நேரத்தில் ஜாலவித்தை செய்து பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

பையனுக்கு ஏழு வயதானபோது தகப்பனார் ஒரு வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். அன்று பிடித்த பைத்தியம் பிறகு தெளியவே இல்லை. பிறந்து முதல் ஆறு வருடங்களை வீணாக்கிவிட்டதாக, கிழவரான பிறகு வெர்னன் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

1902-ல் அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. சீட்டு மேஜையில் கைதேர்ந்தவன் என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்லலாம். எழுதியவர் பெயர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்று அட்டையில் போட்டிருந்தது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்களைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்தால், ஈ. எஸ். ஆண்ட்ரூஸ் என்று வரும். ஆனால் உண்மையில் அவர் யார் என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தீராத மர்மம்.

சீட்டாட்டத்தில் மோசடி செய்கிறவர்களின் ரகசியங்கள் எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தன. கலைப்பது போலக் காட்டிக் கலைக்காமல் இருப்பது எப்படி, வெட்டுவது போலக் காட்டி வெட்டாமல் இருப்பது எப்படி, அடிச் சீட்டை மேல் சீட்டு போலப் போடுவது எப்படி என்று படங்களுடன் விளக்கியிருந்தது. படிப்பவர்களுக்குத் தலை சுற்றும். எத்தனையோ பேர் வாங்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் மனிதக் கையால் நடக்கிற காரியமா என்று மூடி வைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடப் பையனான வெர்னன் மூடி வைக்கவில்லை. வரி வரியாகப் படித்தார். மற்றப் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் செய்தபோது, இவர் இந்தப் புத்தகத்தை மனப்பாடம் செய்தார். 90 வயதுக்கு மேலும் அதைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தார்.

பெயரை மாற்றிய பத்திரிகை

வாலிபரான வெர்னன், கிங்ஸ்டன் நகரில் உள்ள கனடா ராணுவக் கல்லூரியில் பொறியியல் படித்தார். ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. கையில் சீட்டுக்கட்டுடன் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

அங்கே அவருக்குப் புதுப் பெயர் கிடைத்தது. ஒரு பத்திரிகையில் டேவிட் என்பதற்குப் பதிலாக டை என்று தவறாக அச்சாகிவிட்டது. அவருக்கு அது பிடித்துப்போயிற்று, அப்படியே வைத்துக்கொண்டார். வெர்னர் என்ற பெயரும் மற்றவர்கள் வாயில் வெர்னன் ஆயிற்று. அச்சுப் பிழையால் மனிதர்களுக்குக் கோபம் வருவதுதான் வழக்கம். இவருக்கோ அது பெயரையே தந்தது!

வயிற்றுப் பிழைப்புக்கு அவர் இன்னொரு தொழில் கற்றார். கறுப்புக் காகிதமும் கத்தரிக்கோலும்தான் முதலீடு. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தபடியே, காகிதத்தில் அதே சாயலில் நிழலுருவம் வெட்டிக் கொடுப்பார். கோடு போட்டுக்கொள்வது கிடையாது. சீட்டில் பழகிய விரல்கள் அல்லவா? காசு தேவைப்படும்போது வெட்டுவார். காசு கொஞ்சம் சேர்ந்ததும் கத்தரியை வைத்துவிட்டுச் சீட்டை எடுத்துவிடுவார்.

ஹூடினி திகைத்தார்

அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெற்ற மாயவித்தைக்காரர் ஹூடினி. கைவிலங்கு, சங்கிலி, பூட்டிய பெட்டி எதிலிருந்தும் தப்பி வெளியே வருவார். எந்த வித்தையையும் மூன்று தடவை தமக்குக் காட்டினால் போதும், அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடுவதாக அவர் சவால் விட்டுவந்தார்.

1922-ல் சிகாகோவில் கிரேட் நார்தர்ன் ஓட்டலில் ஹூடினிக்கு ஒரு விருந்து நடந்தது. வெர்னன் அங்கே போயிருந்தார். ஹூடினியை ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார். அதில் மையால் அவருடைய கையெழுத்தின் முதல் எழுத்துக்களைப் போடச் சொன்னார். பிறகு அந்தச் சீட்டைக் கட்டின் மேல் சீட்டுக்கு அடியில் வைத்தார். மேல் சீட்டைத் திருப்பினார். கையெழுத்துப் போட்ட சீட்டு மேலே வந்திருந்தது!

ஹூடினி மறுபடியும் செய்யச் சொன்னார். வெர்னன் செய்தார். இன்னொரு தடவை கேட்டார். அதையும் செய்தார். மூன்று தடவை என்ற கணக்கு தாண்டிப் போயிற்று. ஹூடினிக்கு விடை கிடைக்கவில்லை. ஹூடினியை ஏமாற்றியவர் என்ற பட்டம் அன்று முதல் வெர்னனோடு ஒட்டிக்கொண்டது.

ஆனால் வெர்னன் இந்தப் புகழைப் பெரிதாக நினைக்கவில்லை. அவர் தேடியது வேறு.

துப்பாக்கிக்கு முன்னால் கற்ற பாடம்

மேடையில் வித்தை காட்டுகிறவர் தவறு செய்தால் ஜனங்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சூதாட்ட மேஜையில் மோசடி செய்கிறவன் பிடிபட்டாலோ உயிர் போகும். அதனால் வித்தைக்காரர்களின் கையைவிட மோசடிக்காரர்களின் கை சுத்தமாக இருக்கும் என்று வெர்னன் கண்டுகொண்டார். எங்கே ஒரு கைதேர்ந்த சீட்டாட்டக்காரர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டாலும் அங்கே புறப்பட்டுவிடுவார். பணம் பறிக்க அல்ல; அவர் கையைப் பார்க்க.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோசடிக்காரன் நல்ல சீட்டுகளை ஓர் இடத்தில் சேர்த்து வைக்கிறான். பொய்க் கலைப்பினால் அவற்றைக் கலையாமல் காப்பாற்றுகிறான். ஆனால் அதற்குப் பிறகு எதிராளி கட்டை வெட்டுவான். வெட்டியதும் மேலே இருந்த சீட்டுகள் நடுவுக்குப் போய்விடும். அவ்வளவு பாடும் வீண்! நடுக் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, மேல் சீட்டு போலப் போட ஒருவனால் முடிந்தால்தான் இதற்கு விடிவு. அது மனிதனால் ஆகாத காரியம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

1932-ல் வெர்னன் கான்சாஸ் மாகாணத்தில் விச்சிட்டா என்ற ஊரில் நிழலுருவம் வெட்டிக்கொண்டிருந்தார். நாடெங்கும் கடுமையான பண நெருக்கடி நிலவிய காலம் அது. அந்த ஊர்ச் சிறையில் சீட்டு மோசடியில் கெட்டிக்காரனான ஒரு கைதி இருப்பதாகக் கேள்விப்பட்டார். சிறைக்கே போய் அவனைப் பார்த்தார். கான்சாஸ் சிட்டி பக்கத்தில் ஒருவன் நடுக் கட்டிலிருந்து சீட்டுப் போடுகிறான், அதைத் தானே கண்ணால் பார்த்ததாகக் கைதி சொன்னான்.

வெர்னனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆள் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் தேடிப் புறப்பட்டார். சூதாட்ட விடுதிகளில் விசாரித்தார். கடைசியில் மிசௌரி மாகாணத்தில் பிளசன்ட் ஹில் என்ற சின்ன ஊரில் ஆலன் கென்னடி என்பவரைக் கண்டுபிடித்தார். கென்னடி செய்து காட்டினார். சீட்டு நடுவிலிருந்து வந்தது, வந்தது தெரியவில்லை. முடியாத காரியம் முடிந்திருந்தது. சொந்த முயற்சியால் ஒருவர் அதைச் சாதித்து, வெளியே சொல்லாமல் ஒரு மூலையில் வாழ்ந்துகொண்டிருந்தார்!

பொய்க்கு ஆதாரம் உண்மை

இப்படித் தேடித் தேடிக் கற்றதிலிருந்து வெர்னன் கண்ட உண்மை என்ன?

மேஜைமேல் சீட்டைக் கலைக்கும் முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டை இரண்டாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். கட்டைவிரலால் இரண்டு பாதிகளின் முனைகளையும் தூக்கிச் சரசரவென்று விடுவார்கள். இரண்டு பாதிகளும் பல்லுக்குப் பல் கோத்துக்கொள்ளும். பிறகு இரண்டையும் ஒன்றாகத் தள்ளி நேராக்குவார்கள்.

பொய்க் கலைப்பின் ஒரு முறையில், கோப்பதுவரை எல்லாம் உண்மைதான். கடைசியில் தள்ளி நேராக்கும் நேரத்தில்தான் திருட்டு. விரல்களின் மறைவில் ஒரு பாதி மற்றப் பாதிக்குள் சிறிது கோணலாக ஊடுருவிப் போகிறது. பிறகு இரண்டும் பிரிந்து பழைய வரிசைக்கே வந்துவிடுகின்றன. பார்ப்பவர்களுக்கு அது சாதாரணமாக ஒரு தடவை வெட்டி வைத்தது போல இருக்கும். எர்ட்னேஸ் காலத்திலேயே இந்த வகை முறைகள் இருந்தன.

ஆனால் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்தார்கள். திருட்டு நடக்கும் அந்த நொடியில் கை தயங்கும். தோள் விறைக்கும். கண் தானாகக் கட்டைப் பார்க்கும். சத்தத்தின் தாளம் மாறும். ரகசியம் என்னவென்று ஜனங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ நடக்கிறது என்று மனதில் பட்டுவிடும். பட்டுவிட்டால் வித்தை செத்துவிட்டது.

பலர் இதற்குக் கண்ட பரிகாரம் வேகம். இன்னும் வேகமாகச் செய்தால் தெரியாது என்று நினைத்தார்கள். வெர்னன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இயல்பாக இரு என்பதே அவர் வாழ்நாளெல்லாம் சொன்ன உபதேசம். திருட்டு இல்லாதபோது உன் கை எப்படி நடக்கிறதோ, திருட்டு இருக்கும்போதும் அப்படியே நடக்க வேண்டும். ஆகவே பொய்யாகக் கலைக்கக் கற்க வேண்டுமானால், முதலில் உண்மையாகக் கலைக்கும்போது உன் கை என்ன செய்கிறது என்று கவனி. எந்த விரல் எங்கே இருக்கிறது? எவ்வளவு அவசரம்? எவ்வளவு அலட்சியம்? அதைத் தெரிந்துகொண்டு பொய்யை அதற்குச் சமமாக்கு. உண்மை தெரியாதவனால் பொய்யைக்கூடச் சரியாகச் செய்ய முடியாது!

ஒரு சின்ன அசைவைத் திருத்த அவர் மாதக் கணக்கில் உழைப்பார். திருப்தி இல்லாவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

முறிந்த கைகள்

இதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சம் அல்ல.

1924-ல் வெர்னனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவி பெயர் ஜீன். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் சம்பாத்தியத்தில் அவருக்கு அக்கறை இல்லை. வேலை தேடி வந்தாலும் சில சமயம் விட்டுவிடுவார். எங்கோ ஒரு ஊரில் எவனோ ஒருவன் புது மாதிரி சீட்டுப் போடுகிறான் என்றால், வீட்டை மறந்து கிளம்பிவிடுவார். பிள்ளைகளுக்குத் தகப்பன் கிடைக்கவில்லை. சீட்டுக்கட்டுக்கு மாத்திரம் கிடைத்தார். பிற்காலத்தில் கணவனும் மனைவியும் பிரிந்தே வாழ்ந்தார்கள். ஜனங்களின் கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவுக்காக, கண்ணெதிரே இருந்த குடும்பத்தை அவர் பார்க்கத் தவறினார். அவரைப் புகழ்கிறவர்களும் இதை மறுப்பதில்லை.

1941-ல் பெரிய சோதனை வந்தது. நியூயார்க்கில் ஆற்றோரமாகச் சாலை போடும் வேலையில் அவர் சேர்ந்திருந்தார். ஒரு நாள் உயரத்திலிருந்து தவறி ஆற்றில் விழுந்தார். உயிர் தப்பியது. ஆனால் இரண்டு கைகளும் முறிந்தன. சீட்டு வித்தைக்காரனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அப்போது அவருக்கு வயது 47.

கைகள் குணமாகும்வரை அவர் காத்திருந்தார். மறுபடியும் கட்டை எடுத்துப் பழகினார்.

1946-ல் அவருடைய ஒரு வித்தை அச்சில் வெளிவந்தது. அதற்கு டிரையம்ப் என்று பெயர். வெற்றி என்று பொருள். முறிந்து கூடிய கைகளை உடையவரின் வித்தைக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

வித்தை இதுதான். ஒருவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டில் வைக்கிறார். வித்தைக்காரர் ஒரு கதை சொல்கிறார். முன்பு ஒரு தடவை வித்தையின் நடுவில் ஒரு குடிகாரன் வந்தானாம். கட்டைப் பிடுங்கிப் பாதியை முகம் மேலாகவும் பாதியை முகம் கீழாகவும் வைத்து ஒன்றாகக் கலைத்துவிட்டானாம். சொல்லிக்கொண்டே வித்தைக்காரரும் அப்படியே கலைக்கிறார். கட்டு கந்தரகோளம். பிறகு மேஜைமேல் கட்டை விரிக்கிறார். எல்லாச் சீட்டுகளும் ஒரே பக்கமாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒரே ஒரு சீட்டு மாத்திரம் முகம் காட்டுகிறது. அது அந்த மனிதர் எடுத்த சீட்டு!

இந்த வித்தையின் உயிர் பொய்க் கலைப்புதான். சூதாட்டக்காரனிடம் பணம் பறிக்கும் கருவியாக இருந்ததை, குழந்தைகளும் பார்த்து மகிழும் அதிசயமாக வெர்னன் மாற்றிவிட்டார். இன்றும் உலகமெங்கும் வித்தைக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். பிறர் கண்டதையும் வெர்னன் மனதாரப் போற்றுவார். ஹெர்ப் சாரோ என்பவர் கணக்கர் உத்தியோகம் பார்த்தவர். அவர் கண்டுபிடித்த பொய்க் கலைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மாயக் கோட்டையில் குரு

1957-ல் லூயிஸ் கான்சன் என்பவர் வெர்னனின் வித்தைகளைத் தொகுத்துப் புத்தகமாக எழுதினார். 1963 ஜனவரியில் ஹாலிவுட்டில் மேஜிக் காசில் என்ற மாயவித்தைச் சங்கம் திறக்கப்பட்டது. மாயக் கோட்டை என்று அதற்குப் பொருள். வெர்னன் அங்கே வந்து சேர்ந்தார். கடைசிக் காலம்வரை அதுவே அவருக்கு வீடு போல ஆயிற்று.

அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். வெள்ளை மீசை, கையில் சீட்டுக்கட்டு. இளைஞர்கள் சுற்றிலும் கூடிவிடுவார்கள். அவரிடம் கற்பதற்காகவே பலர் சொந்த ஊரை விட்டு வந்தார்கள். குழாய் வேலை செய்துவந்த லாரி ஜென்னிங்ஸ் அப்படி வந்தவர்தான். நடிகராகவும் புகழ் பெற்ற ரிக்கி ஜேயும் அவரிடம் பாடம் கேட்டவர்.

பையன் சொன்ன கணக்கு

சீடர்களில் ஒருவருடைய கதை எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது.

அவர் பெயர் பெர்சி டயகோனிஸ். நியூயார்க் பையன். 14 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, வெர்னனுடன் ஊர் ஊராகச் சுற்றினான். சீட்டுக் கலைப்பின் ரகசியங்களை அவரிடம் கற்றான். வாலிபனானதும் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பொய்யாகக் கலைப்பது எப்படி என்று தெரியும். உண்மையாகக் கலைப்பது என்றால் என்ன? எத்தனை தடவை கலைத்தால் கட்டு நிஜமாகக் கலைந்ததாகும்?

இதற்கு விடை கணிதத்தில் இருந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர் இரவுக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1974-ல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். புகழ் பெற்ற கணிதப் பேராசிரியர் ஆனார்.

52 சீட்டுகளை எத்தனை விதமான வரிசைகளில் அடுக்கலாம் தெரியுமா? அந்த எண்ணிக்கையை எழுத 68 இலக்கங்கள் வேண்டும்! சாதாரணமாக வீட்டில் நாம் மூன்று தடவை, நான்கு தடவை கலைத்துவிட்டுச் சீட்டைப் போட்டுவிடுகிறோம். அது போதாது, பழைய வரிசையின் சாயல் கட்டில் தங்கியிருக்கும். சரசரவென்று கோத்துக் கலைக்கும் முறையில் ஏழு தடவை கலைக்க வேண்டும் என்று டயகோனிஸும் டேவ் பேயர் என்ற கணித அறிஞரும் நிரூபித்தார்கள். அந்த ஆராய்ச்சிக் கட்டுரை 1992-ல் வெளியாயிற்று.

அதே 1992-ல், ஆகஸ்டு 21-ந் தேதி, டை வெர்னன் கலிபோர்னியாவில் காலமானார். வயது 98. சொத்து என்று பெரிதாக எதுவும் அவர் சேர்க்கவில்லை.

அவர் வாழ்க்கையில் நமக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, பணம் வைத்துச் சீட்டாடுகிறவர்களுக்கு. எதிரே இருப்பவர் கட்டைக் கலைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் கண்ணை ஏமாற்றுவதற்காகவே ஆயுள் முழுவதும் பழகியவர்கள் உலகத்தில் உண்டு.

இன்னொன்று, எந்தத் தொழிலையும் செய்கிற நம் எல்லோருக்கும். பார்ப்பவர்களுக்குச் சுலபமாகத் தோன்றும் வேலைக்குப் பின்னால்தான் அதிகமான உழைப்பு மறைந்திருக்கிறது. கணிதம் படித்த சீடர் உண்மைக் கலைப்புக்கு ஏழு தடவை போதும் என்று கணக்குச் சொன்னார். பொய்க் கலைப்பைப் பழுதில்லாமல் செய்ய எத்தனை தடவை பழக வேண்டும்? 90 ஆண்டுகள் பழகிய குரு, அதற்கு முடிவு இருப்பதாகவே நினைக்கவில்லை.